ஏற்காடு அடிவாரத்திலிருந்து தொழில்முறைச் சாலைப் பந்தயம் வரை: புதிதாகத் தொடங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

சேலம் அஸ்தம்பட்டியிலிருந்து கோரிமேடு வழியாக ஏற்காடு அடிவாரத்துக்குச் செல்லும் சாலையில் ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் நின்றால், டீக்கடைகளில் பாய்லர் சூடாவதற்கு முன்பே பத்துப் பதினைந்து சைக்கிள் விளக்குகள் வரிசையாக மலையை நோக்கிப் போவதைப் பார்க்கலாம். அவர்களில் பெரும்பாலோர் உடல்நலத்துக்காகவும் மனநிறைவுக்காகவும் ஓட்டுபவர்கள். ஆனால் ஒவ்வோர் ஆண்டும் பள்ளிப் படிப்பை முடிக்கும் வயதில் ஓரிருவர், மேலே ஏரிக்கரையில் சைக்கிளைச் சாய்த்துவிட்டு, "அண்ணா, இதையே தொழிலா வெச்சுக்க முடியுமா?" என்று கேட்கிறார்கள். நின்ற இடத்தில் ஐந்து நிமிடத்தில் பதில் சொல்லிவிடக்கூடிய கேள்வி அல்ல அது. அவர்களுக்காகவும், அவர்களை அனுப்பிவிட்டு வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டிருக்கும் பெற்றோருக்காகவும் இதை எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். வாசலிலேயே ஒரு மலை இருப்பது சேலத்துப் பிள்ளைகளுக்குக் கிடைத்த பெரும் பேறு. ஆனால் மலையேறத் தெரிந்ததாலேயே ஒருவர் பந்தய வீரர் ஆகிவிடுவதில்லை. சாலைப் பந்தயம் நூறு பேர் முழங்கை உரச ஓட்டும் விளையாட்டு. நம்மூர்ப் பிள்ளைகள் பின்தங்குவது பெரும்பாலும் அந்தக் கூட்டத்துக்குள்தான். கீழே சொல்லியிருப்பவற்றில் வேறெதை மறந்தாலும் இதை மறக்க வேண்டாம்.

இந்தத் தொழில் எப்படி அமைந்திருக்கிறது

உலக அளவில் சைக்கிள் பந்தயத்தை நடத்தும் அமைப்பு யூசிஐ. 1900-ல் தொடங்கப்பட்ட அதன் தலைமையகம் இப்போது சுவிட்சர்லாந்தின் ஏய்கிள் நகரில் இருக்கிறது. ஆண்களுக்கான சாலை அணிகள் மூன்று அடுக்குகளாக உள்ளன: உச்சியில் 18 வேர்ல்ட் டீம்கள், அடுத்து புரோ டீம்கள், அதற்கும் கீழே கான்டினென்டல் அணிகள். ஒரு வேர்ல்ட் டீமில் முப்பது பேர் அளவில்தான் இருப்பார்கள் என்பதால், உச்ச அடுக்கில் உலகம் முழுவதும் சேர்த்தே ஏறத்தாழ ஐந்நூறு இடங்கள்தான் உண்டு. அங்கே சம்பளத்துக்குக் கீழ்வரம்பு உண்டு. 2024-ல் அது ஆண்டுக்கு 40,000 யூரோவுக்குச் சற்று மேல் இருந்தது. பெண்கள் வேர்ல்ட் டீம்களில் கீழ்வரம்பே 2020-ல்தான், 15,000 யூரோ என்ற அளவில் வந்தது. 2024-ல் அது 35,000 ஆக உயர்ந்தது. பெண் பிள்ளைகளின் பெற்றோர் இந்த வளர்ச்சியைக் கவனிக்க வேண்டும். கான்டினென்டல் அணிகளுக்கு யூசிஐ இப்படிப்பட்ட சம்பள வரம்பு எதையும் விதிக்கவில்லை. நாம் முதலில் நுழையக்கூடிய அடுக்கு அதுவாகத்தான் இருக்கும் என்பதால், இதை இப்போதே மனத்தில் குறித்துக்கொள்ளுங்கள்.

1903-ல் தொடங்கிய, நாளுக்கு ஒரு கட்டமாக மூன்று வாரம் நடக்கும் டூர் டி பிரான்ஸ் பந்தயத்தில் இந்தியர் எவரும் இதுவரை ஓட்டியதில்லை. இதைக் கேட்டு மனம் தளர வேண்டியதில்லை. எரித்ரியாவின் அஸ்மாராவில் பிறந்த பினியம் கிர்மாய், ஏய்கிளில் உள்ள யூசிஐயின் உலகப் பயிற்சி மையத்தில் பழகி, 2024 டூர் டி பிரான்ஸில் மூன்று கட்டங்களை வென்று, புள்ளிகளில் முதலிடம் பெறுபவருக்கான பச்சைச் சட்டையையும் பெற்றார். நம் நாட்டில் நவீன் ஜான் 2016-ல் தோஹாவில் நடந்த உலக சாலைச் சாம்பியன்ஷிப்பின் டைம் ட்ரையலில், அதாவது ஒவ்வொருவரும் தனியாகக் கடிகாரத்தோடு போட்டியிடும் பந்தயத்தில், ஓட்டினார். வட்டப்பாதை அரங்கில் நடக்கும் டிராக் பந்தயத்தில் இசோ ஆல்பென் 2018-ல் ஜூனியர் உலகப் போட்டியில் வெள்ளி வென்றார். பாதை குறுகலானதுதான், ஆனால் அடைபட்டதில்லை.

வயதுக் கணக்கு

பந்தயத்தில் வயதை நிர்ணயிப்பது பிறந்த தேதி அல்ல, பிறந்த ஆண்டு. போட்டி நடக்கும் ஆண்டிலிருந்து பிறந்த ஆண்டைக் கழித்தால் வருவதுதான் உங்கள் பந்தய வயது. 17, 18 ஜூனியர். 19 முதல் 22 வரை 23 வயதுக்குட்பட்டோர். அதற்கு மேல் எலீட். 2009 நவம்பரில் பிறந்தவருக்கு 2026, 2027 ஆகிய இரண்டும்தான் ஜூனியர் ஆண்டுகள். ஐரோப்பிய அணிகள் ஆள் தேடுவது ஜூனியர், 23 வயதுக்குட்பட்டோர் ஆகிய இரு பிரிவுகளில்தான் என்பதால், பதினெட்டு வயதில் முதன்முதலாகப் பந்தய சைக்கிளைத் தொடுபவர் ஏற்கெனவே சில ஆண்டுகளை இழந்திருப்பார். விதிவிலக்குகள் உண்டு, ஸ்கீ ஜம்பிங் வீரராக இருந்த பிரிமோஷ் ரோக்லிச் இருபது வயதைத் தாண்டிய பின் சைக்கிளுக்கு வந்து, ஸ்பெயினின் பெரும் பந்தயமான வுவெல்டாவை நான்கு முறை வென்றார். ஆனால் அவர் அதற்கு முன்பே இன்னொரு விளையாட்டில் உலகத்தர உடலைக் கட்டியிருந்தார் என்பதைச் சேர்த்தே பார்க்க வேண்டும்.

வீட்டில் இருக்கும் சைக்கிளில் தொடங்குங்கள்

முதற்படிக்கு விலையுயர்ந்த சைக்கிள் தேவையில்லை. செப்டம்பர் 15, பேரறிஞர் அண்ணாவின் பிறந்தநாளையொட்டி தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் மாவட்டந்தோறும் பள்ளி மாணவர்களுக்கு மிதிவண்டிப் போட்டி நடத்துகிறது. 13, 15, 17 வயதுக்குட்பட்டோர் எனப் பிரிவுகள். 10 முதல் 20 கி.மீ. வரை தூரம், சாதாரண சைக்கிளில்தான் ஓட்ட வேண்டும். பதினோராம் வகுப்பில் அரசு கொடுக்கும் விலையில்லா மிதிவண்டியே போதும். வேகமான கூட்டத்தில் ஓட்டுவது எப்படியிருக்கும் என்பதை உடல் முதன்முதலாக உணரும் இடம் அது. காந்தி ஸ்டேடியத்தில் உள்ள மாவட்ட விளையாட்டு அலுவலகத்தில் ஆகஸ்ட் மாதக் கடைசியிலிருந்தே விசாரித்து வையுங்கள்.

ஆர்வம் ஓராண்டு தாங்கியது என்றால் ரோடு பைக் வாங்கலாம். ஒரு லட்ச ரூபாய்க்குள் கிடைக்கும் அலுமினியச் சட்டகம், ஷிமானோவின் கிளாரிஸ் அல்லது சோரா கியர், 28 மி.மீ. டயர் ஆகியவை முதல் மூன்று ஆண்டுகளுக்குத் தாராளம். முன்பக்கச் சிறிய பற்சக்கரத்தில் 34 பல்லும், பின்பக்கப் பெரிய பற்சக்கரத்தில் 32 அல்லது 34 பல்லும் இருக்கும்படி கேட்டு வாங்குங்கள். இல்லையென்றால் ஏற்காட்டு ஏற்றத்தில் கியரை உந்தி உந்தி முழங்கால் கெட்டுவிடும். அளவு பொருந்துவதே எல்லாவற்றையும்விட முக்கியம். வெறுங்காலுடன் சுவரோடு ஒட்டி நின்று, கவட்டிலிருந்து தரைவரை அளந்து, அந்த அளவை 0.883 ஆல் பெருக்கினால் வருவது, பெடல் கைகள் சுழலும் கிராங்க் அச்சின் நடுவிலிருந்து சீட்டின் மேற்பகுதி வரை இருக்க வேண்டிய உயரத்துக்கு நல்ல தொடக்கக் கணக்கு. அதன்பின் ஒரு நேரத்துக்கு ஐந்து மி.மீ.க்கு மேல் மாற்றாதீர்கள்.

மலையை எப்படிப் பயன்படுத்துவது

சேலம் நகரம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரத்தில். இடையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். ஏற்றம் செங்குத்தாக இல்லாமல் ஒரே சீராக இருப்பதுதான் இந்தப் பாதையின் சிறப்பு. ஐரோப்பாவின் நீண்ட கணவாய்களும் பெரும்பாலும் இப்படிப்பட்டவைதான். கொல்லிமலையின் 70 வளைவுகள் கண்ணுக்கு மலைப்பூட்டும், ஆனால் ஒரே அளவான உழைப்பை நீண்ட நேரம் பழகுவதற்கு ஏற்காடே உகந்தது என்பது என் அனுபவம்.

உழைப்பை வாட்டில் அளந்து காட்டும் பவர் மீட்டர் வாங்கப் பணமில்லாதவருக்கு இந்த மலையே அளவுகோல். ஏறிய உயரத்தை மீட்டரிலும், உங்கள் எடை, சைக்கிள், தண்ணீர், உடை எல்லாம் சேர்ந்த மொத்த எடையைக் கிலோவிலும் எடுத்துக்கொண்டு, இரண்டையும் பெருக்கி, 9.8 ஆலும் பெருக்கி, எடுத்துக்கொண்ட நேரத்தை விநாடியில் எழுதி வகுத்தால், புவியீர்ப்பை எதிர்க்க நீங்கள் செலவிட்ட வாட் கிடைக்கும். எடுத்துக்காட்டாக, 60 கிலோ எடையுள்ளவர் மொத்தம் 70 கிலோவுடன் ஒரு மணி நேரத்தில் 1,000 மீட்டர் உயரம் ஏறினால் 190 வாட் வரும். காற்றுக்கும் டயர் உராய்வுக்கும் ஏறத்தாழ கால் பங்கைச் சேர்த்தால் 240. அதை உடல் எடையால் வகுத்தால் கிலோவுக்கு 4 வாட். முறையாகப் பயிற்சி பெறாத ஆரோக்கியமான இளைஞர் 2.5 முதல் 3 வரை எட்டுவார். கிலோவுக்கு 4 என்பது மாநில அளவில் நம்பிக்கையோடு நிற்கத்தக்க எண். டூர் டி பிரான்ஸின் முன்னணி மலை வீரர்கள் அரை மணி நேரத்துக்கும் மேலாக 6 வாட்டுக்கு மேல் தாங்குகிறார்கள். மாதம் ஒருமுறை, ஒரே இடத்தில் தொடங்கி ஒரே இடத்தில் முடித்து, இந்தக் கணக்கை ஒரு நோட்டில் எழுதி வாருங்கள். மற்ற நாட்களில் நேரம் பார்க்காமல் ஓட்டுங்கள். வாரந்தோறும் தன்னையே முந்த முயல்பவர் மூன்று மாதத்தில் களைத்துவிடுவார்.

ஏறுவதில் மற்றவை தாமாகவே வரும். இறங்குவதைத்தான் கற்க வேண்டும். வளைவுக்கு முன்பே, சைக்கிள் நேராக இருக்கும்போதே பிரேக்கை முடித்துக்கொள்ள வேண்டும். வளைவின் வெளிப்பக்கத்துப் பாதத்தைக் கீழே இறக்கி அதில் எடையை ஊன்றி, கண்ணை முன் சக்கரத்தில் வைக்காமல் வளைவு முடியும் இடத்தில் வைக்க வேண்டும். பிரேக்கைத் தொடர்ந்து அழுத்திக்கொண்டே இறங்கினால் ரிம் சூடேறும். கார்பன் ரிம் என்றால் அது உருகிச் சிதையவும் கூடும். அரசுப் பேருந்து கொண்டை ஊசியில் திரும்பும்போது சாலை முழுவதையும் எடுத்துக்கொள்ளும், அதன் பின்பகுதி உள்பக்கமாக வெட்டும் என்பதால், ஏறும்போதும் இறங்கும்போதும் அதன் உள்பக்க இடைவெளியில் ஒருபோதும் நுழையாதீர்கள். குரங்குகளுக்குச் சுற்றுலாப் பயணிகள் போட்ட பழத்தோல் வளைவில்தான் கிடக்கும்.

இதை எழுதும்போது என் இடது தோளில் கை போகிறது. ஒரு கார்த்திகை மாதத்துக் காலையில், லேசான தூறலுக்குப் பின், நிழல் விழுந்த ஒரு வளைவில் சில்வர் ஓக் இலைகள் சாலையோடு ஒட்டிக் கிடந்தன. சாதாரண வேகந்தான். முன் சக்கரம் இலையின் மேல் ஏறியபோது சத்தமே இல்லாமல் விலகியது. நான் விழுந்ததை உணர்வதற்கு முன்பே காறை எலும்பு முறிந்திருந்தது. அந்த ஆண்டு மாநிலத் தேர்வு போயிற்று. ஐப்பசி முதல் மார்கழி வரை மழையும் பனிமூட்டமும் சேர்ந்திருக்கும் நாட்களில், ஏறிவிட்டு வண்டியில் சைக்கிளை ஏற்றிக்கொண்டு இறங்குவதில் எந்தக் குறைவும் இல்லை. சனி, ஞாயிறுகளில் எட்டு மணிக்குள் இறங்கிவிடுங்கள். மே மாதக் கோடை விழா நாட்களில் அந்தப் பக்கமே போக வேண்டாம்.

வாரத்தில் இரண்டு நாள் மலை போதும். மேலே சென்றபின் 32 கி.மீ. சுற்றுப்பாதையில் காப்பித் தோட்டங்களுக்கிடையே ஏறி இறங்கி ஓட்டுவது, பெல்ஜியப் பந்தயங்களின் குட்டை ஏற்றங்களுக்கு நல்ல முன்பழக்கம்.

கூட்டத்துக்குள் ஓட்டக் கற்பது

மலையில் எங்கள் குழுவில் என்னை முந்த ஆளில்லாத காலத்தில், சமதளத்தில் நடந்த ஒரு மாநிலப் பந்தயத்துக்குப் போனேன். முதல் இருபது கி.மீ.க்குள் கூட்டத்திலிருந்து கழன்றுவிட்டேன். கால் வலுவில்லாமல் இல்லை. முன்னால் போகிறவரின் பின் சக்கரத்துக்கு அருகில் போகப் பயந்து மூன்று மீட்டர் இடைவெளி விட்டேன். ஒவ்வொரு திருப்பத்திலும் அந்த இடைவெளியை அடைக்க வேகம் எடுத்தேன். பத்துத் திருப்பங்களில் பத்து முறை என் சக்தியைக் கொட்டினேன். என்னைவிட மெலிந்த, மலையில் என்னோடு வர முடியாத பையன்கள் உள்ளே பேசிக்கொண்டே போனார்கள்.

காரணம் காற்று. சமதளத்தில் மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் ஓட்டுபவரின் உழைப்பில் மிகப் பெரும் பகுதி காற்றைக் கிழிப்பதற்கே போகிறது. இன்னொருவரின் சக்கரத்துக்குப் பின்னால் ஒட்டி ஓட்டினால் அதில் கால் பங்கு முதல் மூன்றிலொரு பங்கு வரை மிச்சமாகும். சாலைப் பந்தயத்தின் உத்திகள் அனைத்தும் இந்த ஒரே உண்மையிலிருந்து பிறந்தவை: தலைவனைக் காற்றிலிருந்து மறைத்து அழைத்துச் சென்று, கடைசி ஏற்றத்தில் அல்லது கடைசி 200 மீட்டரில் விடுவிப்பது. தொழில்முறை வீரர்களில் பெரும்பாலோர் அப்படி மறைத்து அழைத்துச் செல்பவர்களாகவும், அணி வண்டியிலிருந்து தண்ணீர்ப் புட்டிகளைச் சட்டைக்குள் அடைத்துக்கொண்டு வந்து தருபவர்களாகவும்தான் வாழ்க்கை முழுவதும் சம்பளம் வாங்குகிறார்கள். அந்த வேலையை இழிவாக நினைப்பவர் இந்தத் தொழிலுக்கு வர வேண்டாம்.

இதைப் பழக மைதானமே போதும். புல்தரையில் இருவர் இணையாக மெதுவாக ஓட்டி, தோளோடு தோள் உரசிக்கொள்ளுங்கள். பின்பு முழங்கையால் தள்ளிப் பாருங்கள். பின்பு முன்னவரின் பின் சக்கரத்தின் பக்கவாட்டில் உங்கள் முன் சக்கரத்தை வேண்டுமென்றே உரசி, விழாமல் மீளப் பழகுங்கள். புல்லில் விழுந்தால் சிராய்ப்போடு போகும். ஒரு மாதம் கழித்து, ஆறு பேராக விடியற்காலையில் ஓமலூர், மேச்சேரி வழியாக மேட்டூர் வரை போக வர சுமார் 100 கி.மீ., ஆளுக்கு ஒரு நிமிடம் முன்னால் காற்றை வாங்கி முறை மாற்றி ஓட்டுங்கள். குழியைக் கையால் காட்டுவதும், முன்னறிவிப்பின்றிப் பிரேக் போடாமலிருப்பதும் அங்கே பழக்கமாகிவிடும். தொப்பூர் கணவாய்ப் பக்கம் மட்டும் போகாதீர்கள்; இறக்கத்தில் பிரேக் பிடிக்காத லாரிகளுக்கு நடுவில் எந்தத் திறமையும் உதவாது. ஆடி மாதத்தில் வாய்ப்பிருந்தால் தாராபுரம், உடுமலைப் பக்கம் காற்றாலைகளுக்கிடையே ஓட்டிப் பாருங்கள். பக்கக் காற்றில் வரிசை சாய்கோடாக மாறுவதையும், அந்தச் சாய்கோட்டில் இடம் பிடிக்காதவர் சாலையோரத்தில் கழன்று போவதையும் ஒரே நாளில் புரிந்துகொள்வீர்கள்.

உரிமம், தேர்வு, வேலை

மாவட்ட, மாநில சைக்கிளிங் சங்கங்களின் வழியாகவே இந்திய சைக்கிளிங் கூட்டமைப்பின் போட்டிகளுக்குப் போக முடியும். மாநிலப் போட்டியில் தேர்வானால் தேசிய சாலைச் சாம்பியன்ஷிப். அங்கே கூட்டப் பந்தயமும் தனிநபர் டைம் ட்ரையலும் தனித்தனியாக நடக்கும். 200, 300, 400, 600 கி.மீ. தூரங்களில், குறித்த நேரத்துக்குள் முடிக்க வேண்டிய பிரெவே ஓட்டங்கள் மன உறுதியை வளர்ப்பவை. அவற்றில் முந்தியவர் பிந்தியவர் என்ற தரவரிசை இல்லாததால், அணித் தேர்வுக்கு அவை கணக்கில் வாரா. 2008 முதல் நடந்துவரும் டூர் ஆஃப் நீலகிரீஸ் பல நாள் தொடர்ந்து ஓட்டும் உடல் அனுபவத்தைத் தரும்.

பெற்றோரோடு நான் அதிக நேரம் பேசுவது வேலையைப் பற்றித்தான். இந்தியாவில் சாலைப் பந்தய வீரர்கள் பலர் ரயில்வேயிலும் ராணுவத்திலும் விமானப் படையிலும் பணியில் இருந்துகொண்டே ஓட்டுகிறார்கள். தேசியப் பதக்கங்களில் அவர்களுடைய பங்கு பெரிது. தமிழ்நாட்டு அரசுப் பணிகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத இடஒதுக்கீடு உண்டு. 2023-ல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு சாம்பியன்ஸ் அறக்கட்டளையிடம் கருவிக்கும் பயணத்துக்கும் உதவி கேட்டு விண்ணப்பிக்கலாம். ஆகவே பன்னிரண்டாம் வகுப்பையும் பட்டப்படிப்பையும் விடாதீர்கள். தேசியப் போட்டிச் சான்றிதழின் மூலத்தைப் பத்திரமாக வைத்து, அதற்குரிய படிவத்தில் சங்கத்தின் கையொப்பத்தை அந்த ஆண்டிலேயே வாங்கிவிடுங்கள். நான்கு ஆண்டுகள் கழித்து வேலைக்கு விண்ணப்பிக்கும்போது அந்தக் கையொப்பத்துக்காக அலைந்தவர்களை நான் அறிவேன்.

உணவும் மருந்தும்

ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஓட்டினால் மணிக்கு 60 கிராம் மாவுச்சத்து தேவை. பழகிய உடல் 90 வரை ஏற்கும். ஒரு நடுத்தர வாழைப்பழத்தில் 25 கிராம் அளவு இருக்கும். இரண்டு பழமும் ஒரு கடலை மிட்டாயும், தண்ணீரில் சர்க்கரையும் உப்பும் எலுமிச்சையும் போதும். வெளிநாட்டு ஜெல் பந்தய நாளுக்கு மட்டும். பசித்தபின் சாப்பிடுவது தாமதம் என்பதால் முதல் அரை மணியிலேயே தொடங்குங்கள்.

மருந்து விஷயத்தில் நம் ஊருக்கே உரிய ஓர் ஆபத்து உண்டு. களைப்பாக இருக்கிறது என்று கிளினிக்குக்குப் போய் "ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏத்திட்டு" வருவது நமக்குச் சாதாரணம். ஊக்கமருந்து விதிகளின்படி, மருத்துவமனைச் சிகிச்சை, அறுவை சிகிச்சை, நோயறியும் பரிசோதனை ஆகியவை தவிர்த்து, 12 மணி நேரத்தில் 100 மி.லி.க்கு மேல் நரம்பில் ஏற்றுவது தடை செய்யப்பட்ட முறை. உள்ளே போனது வெறும் சர்க்கரைத் தண்ணீர்தான் என்பது பதிலாகாது. சளி மாத்திரைகளில் எபெட்ரின் இருக்கலாம். பெயர் தெரியாத புரதப் பொடிகளிலும் லேகியங்களிலும் எது கலந்திருக்கிறது என்பது விற்பவருக்கே தெரியாது. உடலில் கண்டுபிடிக்கப்பட்டால் அது எப்படி வந்தது என்று தெரியாவிட்டாலும் பொறுப்பு வீரருடையதே. நான்கு ஆண்டு வரை தடை வரலாம். டாக்டரிடம் போனவுடன் "நான் போட்டி வீரர்" என்று சொல்லுங்கள். தேசிய ஊக்கமருந்துத் தடுப்பு முகமையின் செயலியில் மருந்தின் பெயரைத் தட்டிப் பார்த்த பின்பே விழுங்குங்கள்.

வெளிநாடும் ஒப்பந்தமும்

தேசிய அளவில் முதல் பத்துக்குள் வரத் தொடங்கியவர், ஒரு கோடையையாவது பெல்ஜியத்தில் கழிக்க வேண்டும். அங்கே ஃபிளாண்டர்ஸ் ஊர்களில் கெர்மெஸ் என்னும் பந்தயங்கள் ஊர்த் திருவிழாவோடு சேர்ந்து நடக்கும். தெருக்களைச் சுற்றிச் சுற்றி நூறு கி.மீ. அளவுக்கு ஓட்டுவார்கள். வாரத்தில் இரண்டு மூன்று பந்தயம் கிடைக்கும். கூட்டத்தில் ஓட்டுவதில் நம் ஊரில் மூன்று ஆண்டில் கற்பதை அங்கே மூன்று மாதத்தில் கற்கலாம். யூசிஐ எண்ணுடன் கூடிய உரிமம், கூட்டமைப்பின் அனுமதிக் கடிதம், விபத்துக் காப்பீடு மூன்றும் கையில் இருக்க வேண்டும். ஷெங்கன் விசாவில் 180 நாட்களில் 90 நாள்தான் தங்கலாம் என்பதால், வந்திறங்கும் நாளைப் பந்தய அட்டவணையைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். முதல் பந்தயங்களில் பாதியிலேயே கழன்றுவிடுவீர்கள். அது எல்லோருக்கும் நடப்பது.

அணிகள் ஆகஸ்ட் முதல் தேதியிலிருந்து அடுத்த ஆண்டுக்கான ஒப்பந்தங்களை அறிவிக்கலாம். அதே நாளிலிருந்து ஆண்டிறுதி வரை சில அணிகள் இளையவர்களைப் பயிற்சி வீரர்களாகச் சேர்த்துப் பார்க்கும். மேலிரு அடுக்குகளில் முதன்முறையாகச் சேரும் இளம் வீரருக்கு இரண்டு ஆண்டு ஒப்பந்தம் தர வேண்டும் என்பது விதி. கான்டினென்டல் அணியென்றால் கையெழுத்திடும் முன் எழுத்தில் கேட்க வேண்டியவை சில: சைக்கிள் யாருடையது, உடைந்தால் செலவு யாருடையது, விமானக் கட்டணம் எத்தனை முறைக்கு, எலும்பு முறிந்தால் மருத்துவமனைச் செலவை எந்தக் காப்பீடு ஏற்கும், சம்பளம் எந்தத் தேதியில் எந்த வங்கிக் கணக்குக்கு வரும். அணியில் இடம் தருவதற்கு உங்களிடமே பணம் கேட்பவர் யாராக இருந்தாலும், அந்தப் பணத்தை வங்கியிலேயே விட்டுவிட்டு அடுத்த கெர்மெஸுக்குப் பெயர் கொடுங்கள். ஏற்கெனவே ரயில்வேயிலோ வேறு அரசுப் பணியிலோ இருப்பவர், ஒப்பந்தத்தில் கையெழுத்திடுவதற்கு முன் விடுப்பு ஆணையை எழுத்துவடிவில் வாங்கி, அதன் ஒரு பிரதியை வீட்டில் அம்மாவிடம் கொடுத்துவிட்டுக் கிளம்புங்கள்.